சில்லிஞ்சரின் 12 கிளப்புகள், யாகரின் 9 கிளப்புகள்: யார் கையில் இருந்தது பயணம்?

வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீகில் அதிகம் ஊர் மாறிய ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்கள் என்று பேச்சு வந்தால் இரண்டு பெயர்கள் தவறாமல் வரும். ஒருவர் மைக் சில்லிஞ்சர். 12 கிளப்புகளுக்கு ஆடியவர். அந்த லீகில் இதுவே சாதனை. இன்னொருவர் யாரோமிர் யாகர். அங்கே 9 கிளப்புகள், அது போக செக் நாட்டிலும் ரஷ்யாவிலும் ஆடியவர். சில்லிஞ்சர் 1971 ஜூனில் கனடாவின் ரெஜைனாவில் பிறந்தார், யாகர் 1972 பிப்ரவரியில் செக்கோஸ்லோவாகியாவின் கிளாட்னோவில்.

திறமையை மட்டும் ஒப்பிட்டால் ஒரு வரியில் பேச்சு முடிந்துவிடும். கோலுக்கு ஒரு புள்ளி, கோல் விழ உதவிய பாஸுக்கு ஒரு புள்ளி என்று கூட்டினால் யாகருக்கு 1,921, சில்லிஞ்சருக்கு 548. அதனால் நான் வேறொன்றைப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறை கிளப் மாறியபோதும் முடிவெடுத்தது யார்?

சில்லிஞ்சரின் கதையில் பெரும்பாலும் கிளப்தான். 1989 டிராஃப்டில், அதாவது கிளப்புகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், டெட்ராய்ட் ரெட் விங்ஸ் தன் முதல் தேர்வாக, மொத்தத்தில் 11ஆவது ஆளாக, அவரை எடுத்தது. அதே டிராஃப்டில் அதே கிளப் 53ஆவதாக நிக்லஸ் லிட்ஸ்ட்ரோமையும் 74ஆவதாக செர்கேய் ஃபெடரோவையும் எடுத்தது என்பதை நினைத்துப் பாருங்கள். சில்லிஞ்சர் ஆடியது சென்டர் இடத்தில், அதாவது தாக்கும் வரிசையின் நடுவில். அங்கே ஏற்கெனவே ஸ்டீவ் ஐசர்மன் இருந்தார், அப்புறம் ஃபெடரோவும் வந்து சேர்ந்தார். அந்த இருவரைத் தாண்டி ஓர் இளைஞன் முன்வரிசைக்கு வருவது நடக்கிற காரியம் இல்லை. 1995 ஏப்ரலில் அவரை அனஹைமுக்கு அனுப்பிவிட்டார்கள். லிட்ஸ்ட்ரோமோ 20 சீசன், 1,564 ஆட்டம், லீகின் வெற்றிக் கோப்பையான ஸ்டான்லி கோப்பை நான்கு, எல்லாமே ஒரே சட்டையில் ஆடி முடித்தார். ஒரே ஊரில் நிலைப்பதை விசுவாசம் என்று புகழ்வது வழக்கம். ஆனால் கிளப்பும் உங்களை விடாமல் வைத்துக்கொள்ள நினைத்தால்தான் அந்த விசுவாசத்துக்கு வாய்ப்பே கிடைக்கும்.

டிரேட், அதாவது ஆட்டக்காரரை ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்குக் கொடுப்பது, எப்படி நடக்கும் என்று தெரிந்தால் சில்லிஞ்சரின் வாழ்க்கை இன்னும் தெளிவாகப் புரியும். ஒப்பந்தம் ஆட்டக்காரரோடு சேர்ந்தே கைமாறுகிறது. டிரேட் கூடாது என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கும் பலம் பெரிய ஆட்டக்காரர்களுக்கே உண்டு. மற்றவர்களுக்குத் தொலைபேசி அழைப்பு வரும், பெட்டியைக் கட்ட வேண்டும், அடுத்த ஆட்டத்துக்குள் புது ஊரில் நிற்க வேண்டும். சுதந்திரமாகக் கிளப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அந்தக் காலத்தில் முப்பது வயது தாண்டித்தான் கிடைக்கும். லீகும் ஆட்டக்காரர் சங்கமும் 2005இல் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் அந்த வயது படிப்படியாகக் குறைந்து 27க்கு வந்தது.

சில்லிஞ்சர் நான்கு முறை மார்ச் மாதத்தில் மாற்றப்பட்டிருக்கிறார்: 1996இல் வான்கூவருக்கு, 2000இல் ஃப்ளோரிடாவுக்கு, 2001இல் ஆட்டவாவுக்கு, 2004இல் செயின்ட் லூயிஸுக்கு. மார்ச் என்பது டிரேட் கெடு, அதாவது அந்த சீசனில் டிரேட் செய்யக் கடைசி நாள், நெருங்கும் நேரம், பள்ளி ஆண்டின் நடுப்பகுதியும்கூட. ஆட்டக்காரர் ஒரு நாளில் கிளம்பிவிடலாம், ஒரு குடும்பம் அப்படிக் கிளம்ப முடியாது. 2003 ஜூலையில் நடந்தது இதைவிடக் கொடுமை. கொலம்பஸ் அவரை டாலஸுக்குக் கொடுத்தது, டாலஸ் அதே நாளில் ஃபீனிக்ஸுக்குக் கொடுத்துவிட்டது. டாலஸ் சட்டையை அவர் போட்டதே இல்லை, அதனால் 12 கிளப் கணக்கில் அந்த ஊர் வராது. அந்த 12இல் டெட்ராய்ட் டிராஃப்டில் வந்தது. 2001இல் கொலம்பஸுக்கும் 2006இல் நியூயார்க் ஐலண்டர்ஸுக்கும் அவராகக் கையெழுத்துப் போட்டார். மிச்ச ஒன்பதும் டிரேட்.

சரி, இவரை ஏன் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்? இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. எந்தப் பயிற்சியாளரின் திட்டத்திலும் புகுந்துவிடக்கூடிய இரண்டு வேலைகள் அவருக்கு நன்றாகத் தெரியும். ஒன்று ஃபேஸ்-ஆஃப். இரண்டு சென்டர்கள் குனிந்து எதிரெதிராக நிற்க, நடுவர் ரப்பர் வட்டைக் கீழே போடுகிறார். கண் இமைக்கும் நேரத்தில் அதைத் தன் ஆள் பக்கம் இழுத்துவிட வேண்டும். அடுத்தது, அணியில் ஒருவர் தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும் இரண்டு நிமிடங்களில், நான்கு பேராக நின்று ஐந்து பேரைத் தடுப்பது. இந்த வேலைகளுக்குக் கூட்டாளிகளோடு பல வருடப் பழக்கம் தேவையில்லை. திங்கட்கிழமை வந்து சேர்ந்தவரை செவ்வாய்க்கிழமையே களத்தில் இறக்கலாம். டிரேட் கெடு நேரத்தில் கிளப்புகள் தேடுவது இப்படிப்பட்டவரைத்தான். அவருடைய பலமே அவரை ஓர் ஊரிலும் நிலைக்க விடவில்லை என்பேன்.

யாகரின் முதல் பாதியும் இவ்வளவு சுதந்திரமானது இல்லை. பிட்ஸ்பர்க் 1990இல் ஐந்தாவதாக அவரை எடுத்தது. 1991, 1992 இரண்டு வருடமும் கோப்பை. லீகின் அதிகப் புள்ளிக்கான விருது ஐந்து முறை. அவ்வளவு இருந்தும் 2001இல் வாஷிங்டனுக்கு டிரேட். ஏழு ஆண்டுக்கு 7.7 கோடி டாலர் என்று அங்கே பெரிய ஒப்பந்தம் போட்டார்கள், அது எடுபடவில்லை. 2004 ஜனவரியில் சம்பளத்தில் ஒரு பங்கைத் தாங்களே கொடுப்பதாக ஒப்புக்கொண்டு நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கு அனுப்பினார்கள். அங்கே 2005-06இல் 54 கோல், 123 புள்ளி எடுத்தார். இரண்டும் இன்றும் அந்தக் கிளப்பின் சாதனை. நட்சத்திரமாக இருந்தாலும் டிரேட் வரும், ஆனால் போகிற இடத்தில் அணியை அவரைச் சுற்றிக் கட்டுவார்கள். சில்லிஞ்சருக்கு அந்த வசதி எங்கும் கிடைத்ததில்லை.

2008க்குப் பிறகு நிலைமை மாறியது. ஒப்பந்தம் முடிந்ததும் யாகர் சைபீரியாவின் ஓம்ஸ்க் நகரத்து அவன்கார்ட் கிளப்புக்குப் போய் மூன்று சீசன் ஆடினார். 36 வயதில் ரஷ்யாவுக்குப் போகிறவர் திரும்பி வரமாட்டார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 39 வயதில் திரும்பி வந்தார். ஃபிலடெல்ஃபியா ஒரு வருடம், டாலஸ் ஒரு வருடம், அப்புறம் நியூ ஜெர்சி என்று குறுகிய ஒப்பந்தங்களாகப் போட்டுக்கொண்டார். நடுவே பாஸ்டனுக்கும் ஃப்ளோரிடாவுக்கும் டிரேட் ஆனது உண்மைதான். ஆனால் குறுகிய ஒப்பந்தம் என்றால் அதிகம் போனால் சில மாதத்தில் மறுபடி முடிவு தன் கைக்கு வந்துவிடும். கிளப்புக்கும் பயம் இல்லை: கால் தளர்ந்தால் ஒரு வருடப் பணம்தான் போகும். 2015-16இல் ஃப்ளோரிடாவில் 66 புள்ளி எடுத்து அணியிலேயே முதலிடம். அந்த சீசனில்தான் அவருக்கு 44 வயது நிறைந்தது.

இந்த வழிக்கு இரண்டு விஷயம் தேவை: கையில் பணமும் ஊரறிந்த பெயரும். பயிற்சியிலும் சமரசம் கூடாது; எடை கூட்டிய மேலங்கி போட்டுக்கொண்டு ராத்திரியில் தனியாக ஸ்கேட்டிங் செய்கிற ஆள் அவர். ஆனாலும் ஒரு பலவீனம் இருந்தது. எதிராளியை முதுகில் தாங்கிக்கொண்டு வட்டைக் காப்பாற்றி கோல் வாய்ப்பு உண்டாக்குவது அவர் ஆட்டம். அது முன்வரிசை ஆட்டம். வேகம் போனதும், தடுப்பதே முக்கிய வேலையான பின்வரிசையில் கொடுக்க அவரிடம் எதுவும் இல்லை. 2013இல் பாஸ்டனோடு இறுதிச்சுற்று வரை போனபோது பிளே-ஆஃப் என்ற கோப்பைச் சுற்றின் 22 ஆட்டங்களில் கோலுக்கு உதவிய பாஸ் பத்து, கோல் ஒன்றுகூட இல்லை. 2017-18இல் கால்கரியில் 22 ஆட்டம், ஒரே கோல். ஜனவரியில் சொந்த ஊர் கிளாட்னோவுக்கு அனுப்பினார்கள். அந்தக் கிளப்பின் உரிமையாளரும் அவரே என்பதால் ஐம்பது வயது தாண்டியும் அங்கே ஆட முடிந்தது.

ஓர் இளம் ஆட்டக்காரர் இந்த இரண்டில் எந்தப் பாதையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று கேட்டால் நான் சில்லிஞ்சரைத்தான் காட்டுவேன். யாகரின் பாதையைத் தேர்ந்தெடுக்க முதலில் யாகராக இருக்க வேண்டும். சில்லிஞ்சருக்குக் கோப்பை கிடைக்கவில்லை. 2005-06இல் வாழ்நாள் உச்சமாக 32 கோல் அடித்த சீசனிலும் பாதியில் செயின்ட் லூயிஸ் அவரை நாஷ்வில்லுக்குக் கொடுத்துவிட்டது. ஆனாலும் 1,049 ஆட்டம் ஆடினார். அந்த கோடையில் ஐலண்டர்ஸ் அவருக்கு மூன்று ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தபோது வயது 35. அடுத்த சீசனிலேயே 59 புள்ளி எடுத்தார். அவர் வாழ்நாளில் அதைவிட அதிகம் எடுத்தது அதற்கு முந்தைய சீசனில் மட்டும்தான், 63.