'ஈஎஸ்சி டெலீட்' என்று காசு வாங்கிவிட்டு ஏபிஎஸ்ஸையே செயலிழக்க வைக்கிறார்கள்: ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் கவனிக்க

டிராக்கில் ஓட்டுவதற்காக ஸ்போர்ட்ஸ் காரில் ஈஎஸ்சியை (வண்டி வழுக்கிச் சுழலாமல் காக்கும் மின்னணு அமைப்பு) நிரந்தரமாக அணைத்துத் தரச் சொல்லி டியூனிங் கடைக்குப் போகிறவர்கள், வண்டியைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஏற்கெனவே செய்துகொண்டவர்கள் இன்றைக்கே பியூஸ் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

நடந்தது இதுதான். பின்சக்கர இயக்கம் உள்ள இரண்டு கதவு கூப்பே. ஈஎஸ்சி மட்டும் முழுதாக விலக வேண்டும், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுப்பது) அப்படியே இருக்க வேண்டும் என்று உரிமையாளர் தெளிவாகவே கேட்டிருக்கிறார். கடைக்காரரும் சரி என்றார். பில்லில் 'ஈஎஸ்சி டெலீட், சாஃப்ட்வேர் கோடிங்' என்று இருந்தது. செய்த வேலையோ வேறு. ஏபிஎஸ் கன்ட்ரோல் யூனிட்டுக்குப் போகும் சிறிய பியூஸை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உருகிப்போன பியூஸ் ஒன்றைச் செருகியிருந்தார்கள். காலியாக இருந்தால் யாராவது கவனித்துவிடுவார்கள் அல்லவா, அதற்காக. மீட்டர் கிளஸ்டரைக் கழற்றி எச்சரிக்கை விளக்குகளின் பின்பக்கம் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார்கள். கோடிங் என்று எதுவுமே நடக்கவில்லை. ஈரத் தரையில் பலமாகப் பிரேக் அழுத்தியபோது பின்சக்கரங்கள் முதலில் லாக் ஆகி வண்டி சுழன்று எதிர்த்திசையைப் பார்த்து நின்றது. எதிரே வண்டி எதுவும் வராததால் உயிர் தப்பியது.

பியூஸை எடுத்தால் ஏன் இப்படி ஆகிறது என்பதைப் புரிந்துகொள்வது அவசியம். ஈஎஸ்சி என்பது தனியாகக் கழற்றக்கூடிய பெட்டி அல்ல. ஏபிஎஸ், ஈபிடி (முன், பின் பிரேக் அழுத்தத்தைப் பங்கிடுவது), டிராக்ஷன் கன்ட்ரோல் (சக்தி கொடுக்கும்போது சக்கரம் சும்மா சுழலாமல் தடுப்பது), ஈஎஸ்சி நான்குக்கும் ஒரே ஹைட்ராலிக் யூனிட், ஒரே பம்ப், ஒரே கன்ட்ரோல் யூனிட். ஸ்டீயரிங் கோணத்தையும் வேகத்தையும் வைத்து ஓட்டுநர் எங்கே திருப்ப நினைக்கிறார் என்று அது கணக்கிடுகிறது. வண்டி உண்மையில் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை யா ரேட் சென்சார் சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோது ஏதாவது ஒரு சக்கரத்தை மட்டும் பிரேக் பிடிக்கிறது. பின்பக்கம் வெளியே வழுக்கினால் வளைவின் வெளிப்பக்க முன்சக்கரம். மூக்கு வெளியே தள்ளினால் உட்பக்கப் பின்சக்கரம். கூடவே இன்ஜின் டார்க்கையும் குறைக்கிறது.

இதில் பலரும் கவனிக்காமல் விடுவது ஈபிடியை. பழைய வண்டிகளில் பின்பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்த ஒரு மெக்கானிக்கல் வால்வு இருந்தது. ஈபிடி வந்த பிறகு பெரும்பாலான கார்களில் அந்த வால்வையே எடுத்துவிட்டார்கள். அந்த வேலையை ஏபிஎஸ் யூனிட்டே செய்கிறது. யூனிட்டுக்கு மின்சாரம் போகாவிட்டால் பின்சக்கரங்களுக்கு முழு அழுத்தமும் போய்ச் சேரும். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய, பின்டயர்கள் லேசாகி முதலில் லாக் ஆகும். லாக் ஆன பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டுப் பிடிமானம் கிடையாது. அதற்குமேல் ஸ்டீயரிங்கை எப்படிப் பிடித்தாலும் வண்டி சுழலும். ஏபிஎஸ் இல்லாத ரேஸ் கார்களில் இதற்காகவே பின்பிரேக் லைனில் அழுத்தத்தைச் சரிசெய்யும் வால்வோ, பெடலில் முன், பின் பிரேக் பங்கைச் சரிசெய்யும் பயஸ் பாரோ வைக்கிறார்கள். பியூஸைப் பிடுங்கும் கடை இதில் எதையும் பொருத்துவதில்லை.

டேப் ஒட்டியது அதைவிடப் பெரிய குற்றம். ஈபிடி செயலிழந்தால் மஞ்சள் விளக்குகளோடு சிவப்பு பிரேக் விளக்கும் எரியும். அதையும் மறைத்தால்தான் வாடிக்கையாளருக்குச் சந்தேகம் வராது. ஆனால் பெரும்பாலான கார்களில் பிரேக் ஆயில் குறைந்தாலும் அதே சிவப்பு விளக்குதான் எரியும். ஆயில் கசிந்து ரிசர்வாயர் காலியானாலும் இனி அந்த வண்டி சொல்லாது.

எல்லாக் கடையும் பியூஸையே எடுப்பதில்லை. சிலர் ஒரு வீல் ஸ்பீடு சென்சாரின் கனெக்டரைக் கழற்றிவிடுகிறார்கள். அப்போதும் ஈஎஸ்சியோடு ஏபிஎஸ்ஸும் போய்விடும். க்ரூஸ் கன்ட்ரோல் நிற்கும், ஆட்டோமேட்டிக் கியர் தாறுமாறாக மாறலாம், சில வண்டிகளில் ஸ்பீடோமீட்டரும் படுத்துவிடும். ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாரைக் கழற்றினால் ஏபிஎஸ் பொதுவாகத் தப்பும். ஆனால் எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் அந்தத் தகவலைப் பயன்படுத்தும் வண்டியில் ஸ்டீயரிங் கனக்கலாம், அல்லது தானாக நடுவுக்குத் திரும்பாமல் போகலாம். யா சென்சார் வயரில் சுவிட்ச் வைப்பது டிராக் ஆட்களிடையே பழைய வழி. தனிப் பெட்டியாக யா சென்சார் இருக்கும் வண்டியில், டிராக்குக்கு மட்டும் என்றால், இவற்றில் குறைந்த சேதம் தருவது இதுதான். இப்போதைய பல கார்களில் அந்தச் சென்சார் ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ளோ ஏர்பேக் மாட்யூலுக்குள்ளோ இருக்கிறது. அப்படிப்பட்ட வண்டிக்கும் 'யா சுவிட்ச் வைத்துத் தருகிறோம்' என்று ஒரு கடை சொன்னால், அங்கிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

இதற்கெல்லாம் காசு கொடுப்பதற்கு முன் உங்கள் வண்டியின் கையேட்டைத் திறந்து பாருங்கள். ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலும் தொழிற்சாலையே வழி வைத்திருக்கிறது. பட்டனை ஒருமுறை தட்டினால் டிராக்ஷன் கன்ட்ரோல் மட்டும் விலகும், அல்லது ஈஎஸ்சி தளர்ந்த நிலைக்குப் போகும். சில விநாடி அழுத்திப் பிடித்தால்தான் முழுதாக அணையும். பிஎம்டபிள்யூவில் குறுகிய அழுத்தத்துக்கு டிடிசி (தளர்ந்த நிலை), நீண்ட அழுத்தத்துக்கு டிஎஸ்சி (அவர்களின் ஈஎஸ்சி) ஆஃப். இது தெரியாமல் ஒருமுறை மட்டும் தட்டிவிட்டு, 'பட்டன் அழுத்தினாலும் முழுதாக அணையவில்லை' என்று கடைக்குப் போகிறவர்கள் உண்டு. டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் வண்டிகளில் பெடல் டான்ஸ் என்று ஒரு முறை இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது பிரேக் பெடலையும் ஹேண்ட்பிரேக்கையும் குறிப்பிட்ட வரிசையில் இயக்கினால் டிராக்ஷன் கன்ட்ரோலும் ஈஎஸ்சியும் விலகும். இன்ஜினை நிறுத்தினால் பழையபடி வந்துவிடும். வயர் வெட்டத் தேவையில்லை, ஸ்கேனரும் வேண்டாம். அதைச் செய்து காட்டவும் கட்டணம் வாங்குகிறார்கள்.

அணைத்த பிறகும் ஏதோ குறுக்கிடுவதுபோல் தெரிந்தால் அது பழுதாக இருக்க வேண்டியதில்லை. பல போர்ஷே மாடல்களில் பிஎஸ்எம்மை (போர்ஷேயின் ஈஎஸ்சி) ஆஃப் செய்த பிறகும், பிரேக்கை அழுத்தி ஏபிஎஸ் வேலை செய்யும் நிலைக்கு வந்தால் அது திரும்ப உள்ளே வரும். வேறு வண்டிகளில் சுழலும் சக்கரத்தை பிரேக் பிடிக்கும் எலெக்ட்ரானிக் டிஃபரன்ஷியல் லாக் அணையாமலேயே இருக்கும். ஓப்பன் டிஃபரன்ஷியல் உள்ள காரில் அதையும் எடுத்துவிட்டால் வளைவில் உட்பக்கச் சக்கரம் சும்மா சுழலும், லேப் நேரம் கூடும். அதற்கு மெக்கானிக்கல் எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுழலாமல் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்) போடுவதுதான் சரியான வேலை.

இன்ஜினைத் திரும்ப ஆன் செய்தால் ஈஎஸ்சி தானாக வந்துவிடுவது பலருக்கு எரிச்சல். அது வேண்டுமென்றே வைத்தது. அமெரிக்காவில் 2012 மாடல் வண்டிகள் முதல் எஃப்எம்விஎஸ்எஸ் 126 என்ற வாகனப் பாதுகாப்பு விதிப்படி ஈஎஸ்சி கட்டாயம். ஆஃப் பட்டன் வைக்கலாம். ஆனால் அடுத்த இக்னிஷனில் ஈஎஸ்சி திரும்ப வந்தாக வேண்டும். 'மெமரி மாட்யூல்' என்று சொல்லி எப்போதும் ஆஃபிலேயே வைக்கும் பெட்டியைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். வாங்காதீர்கள். அடுத்து ஓட்டுபவருக்கு அது அணைந்திருப்பது தெரியாது.

கடைக்குப் போகிறவர்களில் இன்னொரு கூட்டம் உண்டு, உண்மையில் ஏமாறுவது அவர்கள்தான். டிராக் ஆசை எதுவும் இல்லை. நேர்ச்சாலையிலோ லேசான வளைவிலோ ஈஎஸ்சி சம்பந்தமில்லாமல் குறுக்கிடுகிறது, திடீரென இன்ஜின் சக்தி விழுகிறது என்பதால் வருகிறார்கள். நல்ல மெக்கானிக் என்றால் ஏன் குறுக்கிடுகிறது என்று தேடுவார். மோசமான கடை டெலீட் விற்கும். பெரும்பாலும் காரணம் மிகச் சாதாரணமாக இருக்கும். வீல் அலைன்மென்ட் செய்த பிறகு ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவராமல் விட்டிருப்பார்கள். சக்கரம் நேராக இருக்கும்போது சென்சார் சில டிகிரி திரும்பியிருப்பதாகச் சொன்னால், ஓட்டுநர் திருப்புகிறார், வண்டி திரும்பவில்லை என்றே கன்ட்ரோல் யூனிட் நினைக்கும்.

டயர் அளவும் அப்படித்தான். முன்னால் 225/40 ஆர்18 போட்டால் விட்டம் சுமார் 637 மில்லிமீட்டர். பின்னால் 255/35 ஆர்18 என்றால் சுமார் 636, கிட்டத்தட்ட சமம். யாரோ அழகுக்காகப் பின்னால் 255/30 ஆர்18 போட்டால் விட்டம் 610க்கு இறங்கும். பின்சக்கரம் 4 விழுக்காட்டுக்கு மேல் வேகமாகச் சுழலும். அதை டிராக்ஷன் கன்ட்ரோல் வீல் ஸ்பின் என்று எடுத்துக்கொண்டு சக்தியைக் குறைப்பதில் வியப்பில்லை. வீல் பேரிங் மாற்றிய பிறகு தொல்லை தொடங்கியதா? இப்போதைய பேரிங்குகளில் ஒரு பக்கத்து சீலில் காந்த வளையம் இருக்கிறது. பேரிங்கைத் திருப்பி அழுத்திவிட்டால் சென்சாருக்கு சிக்னலே வராது.

இவற்றை ஸ்கேனரில் ஓடும் லைவ் டேட்டாவில் சிறிது நேரத்தில் பார்த்துவிடலாம். சமதரையில் வண்டி நிற்கும்போது யா ரேட் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். நேராக ஓட்டும்போது ஸ்டீயரிங் கோணமும் பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். எது தனித்து நிற்கிறதோ அங்கேதான் கோளாறு.

வேலை முடிந்து வண்டியை வாங்கும்போது இக்னிஷனை மட்டும் ஆன் செய்யுங்கள். ஏபிஎஸ், ஈஎஸ்சி, சிவப்பு பிரேக் விளக்கு மூன்றும் சில விநாடி எரிய வேண்டும். ஹேண்ட்பிரேக்கை விட்ட பிறகு இன்ஜின் ஓடும்போது மூன்றும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் மறைத்திருக்கிறார்கள். வேறு விளக்கோடு சேர்த்து இணைத்து ஏமாற்றுவதும் உண்டு என்பதால் இதோடு நிறுத்தாதீர்கள். கையேட்டில் உள்ள வரைபடத்தை வைத்து ஏபிஎஸ் பியூஸ்கள் எல்லாவற்றையும் பாருங்கள். பொதுவாக பம்ப் மோட்டாருக்குப் பெரிய பியூஸ், வால்வுகளுக்கு ஒன்று, கன்ட்ரோல் யூனிட்டுக்குச் சிறியது ஒன்று என்று இரண்டு மூன்று இருக்கும். வெளியே எடுத்துக் கம்பி முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு எல்லா மாட்யூல்களையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள், இன்ஜினை மட்டும் அல்ல. ஏபிஎஸ் பதில் சொல்லவில்லை என்றாலோ மற்ற மாட்யூல்களில் யு0121 என்ற பிழைக் குறியீடு இருந்தாலோ ஏபிஎஸ் யூனிட் தொடர்பில் இல்லை என்று பொருள். யு0123 யா சென்சாரையும், யு0126 ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாரையும் குறிக்கும். சி0035 முன் இடது வீல் ஸ்பீடு சென்சார். கடைசியாக, ஆளில்லாத ஈரமான திடலில் 30 கிலோமீட்டர் வேகத்தில் நேராகப் போய் பிரேக்கை முழுதாக அழுத்துங்கள். பெடல் காலடியில் துடிக்க வேண்டும். சக்கரம் லாக் ஆகி இழுத்துக்கொண்டு போனால் ஏபிஎஸ் இல்லை. அந்த வண்டியைச் சாலையில் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டாம்.

உண்மையான கோடிங் என்று ஒன்று இருக்கிறது. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் சில வண்டிகளில் பிரேக் எலெக்ட்ரானிக்ஸ் மாட்யூலின் லாங் கோடிங்கை (அமைப்புகளைக் குறிக்கும் நீண்ட எண்) மாற்றி ஈஎஸ்சி ஸ்போர்ட் அல்லது ஆஃப் நிலையைத் திறக்கலாம். அப்படிச் செய்பவரிடம் பழைய கோடிங் எண்ணும் புதியதும் தாளில் இருக்கும். கேட்டால் கொடுப்பார். கொடுக்க மறுத்தால் செய்யவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு முன் எடுத்த முழு ஸ்கேன் அறிக்கையையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு 'உங்கள் வண்டி வரும்போதே அப்படித்தான் இருந்தது' என்று சொல்ல முடியாது. பில்லில் 'ஏபிஎஸ், ஈபிடி செயல்பாட்டில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். சொல்லாத மாற்றத்தைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க இடமுண்டு.

ஏமாந்துவிட்டீர்கள் என்றால் பியூஸைத் திரும்பப் போடுவதோடு வேலை முடியாது. வெட்டிய சென்சார் வயரை முறுக்கி டேப் சுற்றினால் ஈரம் இறங்கி சில மாதங்களில் திரும்பப் பழுதாகும்; கிரிம்ப் செய்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போட வேண்டும். கிளஸ்டர் டேப்பை எடுக்க வேண்டும். ஸ்டீயரிங் கோணம், யா, பக்கவாட்டு முடுக்கம், பிரேக் அழுத்தம் ஆகிய சென்சார்களைச் சமதரையில் வைத்துப் பூஜ்யமாக்க வேண்டும். ஹைட்ராலிக் லைனை யாராவது திறந்திருந்தால் ஸ்கேனர் வழியாகப் பம்பை இயக்கித்தான் காற்றை வெளியேற்ற முடியும், பெடலை மட்டும் மிதித்தால் யூனிட்டுக்குள் இருக்கும் காற்று போகாது. பிரேக் ஆயிலையும் பாருங்கள். ஈஎஸ்சி வண்டிகள் பலவற்றுக்கு ஐஎஸ்ஓ 4925 கிளாஸ் 6 வகை, குறைந்த பாகுநிலை உள்ள டாட் 4 தேவை. குளிரில் கெட்டியாகும் ஆயில் இருந்தால் பம்ப் வேகமாக அழுத்தம் ஏற்ற முடியாது, ஈஎஸ்சி வேலை செய்தாலும் தாமதமாகவே செய்யும்.