பழைய ஆக்சஸ் கோப்பின் கடவுச்சொல்லை மீட்டுத் தருவதாகச் சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் மண்டிகள், மருந்துக் கடைகள், கிரானைட் பட்டறைகள் எனப் பல இடங்களில் இன்னமும் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் பழைய கோப்பில்தான் கணக்கு எழுதப்படுகிறது. அப்படிப்பட்ட ஒரு கோப்பின் கடவுச்சொல் தெரியாமல் போய், அதை மீட்டுத் தருவதாக யாரேனும் பெருந்தொகை கேட்டால், பணத்தையும் ஹார்டுடிஸ்கையும் கொடுக்கும் முன் தயவுசெய்து இதைப் படியுங்கள். எங்கள் குடும்பம் இரண்டையும் கொடுத்து ஏமாற்றப்பட்டது.

காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்களுக்கு மாங்காய் மண்டி இருக்கிறது. தோப்புக்காரர்களுக்குக் கொடுத்த முன்பணம், எடைச் சீட்டு விவரம், மாங்கூழ் ஆலைகளுக்கு ஏற்றிய லோடு, விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண் ஆகிய அனைத்தும் ஆக்சஸ் 2003இல் உருவாக்கிய ஒரே கோப்பில் இருந்தன. கடவுச்சொல்லை அறிந்திருந்த எங்கள் கணக்கர் திடீரென்று காலமானார். தோத்தாபுரி மாங்காய் வரத்துத் தொடங்கும் நேரத்தில், யாருக்கு எவ்வளவு பாக்கி என்று பார்க்க வழியில்லாமல், அப்பா அந்த ஹார்டுடிஸ்கை ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனார்.

"ஐயா, இது ஹை செக்யூரிட்டி லாக். இங்கே உடைக்க முடியாது, பெங்களூரு லேபுக்குத்தான் அனுப்பணும்" என்று சொல்லி ரூ. 18,000 முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். ரசீது தரவில்லை, விசிட்டிங் கார்டின் பின்புறத்தில் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

திரும்பி வந்த கோப்பு கடவுச்சொல் கேட்காமலேயே திறந்தது. ஆனால், எடைச் சீட்டுக் கட்டுடன் வைத்துச் சரிபார்த்தபோது, கடைசிப் பருவத்துக்கு முந்தைய ஆண்டின் ஆவணியோடு பதிவுகள் நின்றுபோயிருந்ததும், கடைசிப் பருவம் முழுவதும் அதில் இல்லை என்பதும் தெரிந்தது. எங்கள் டிஸ்கிலேயே, கடவுச்சொல் வைப்பதற்கு முன்பு கணக்கர் எடுத்து வைத்திருந்த பழைய நகல் ஒன்று வேறொரு ஃபோல்டரில் கிடந்தது. அதன் அளவும் கடைசிப் பதிவின் தேதியும் கடைக்காரர் கொடுத்த கோப்போடு அப்படியே ஒத்துப்போயின. பெயர் மட்டும் மாற்றப்பட்டிருந்தது. எங்கள் பொருளையே எங்களுக்கு விற்றிருக்கிறார்கள். கேட்டபோது, மீதித் தகவல் கெட்டுப்போய்விட்டது என்றும், அதை எடுக்க இன்னும் ரூ. 15,000 ஆகும் என்றும் பதில் வந்தது.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் வேலை செய்யும் என் சித்தப்பா மகன், உண்மையான கோப்பின் நகல் ஒன்றை எடுத்து முதலில் நோட்பேடில் திறந்து காட்டினான். புரியாத குறிகளுக்கு நடுவே, ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்திருந்த தோப்புக்காரர்களின் பெயர்களும், ஊர்ப் பெயர்களும், வங்கிக் கணக்கு எண்களும் வரிசையாகத் தெரிந்தன. கடவுச்சொல்லே கொடுக்காமல் இவ்வளவும் கண்ணுக்குப் பட்டதைப் பார்த்து அப்பா பேச்சற்று உட்கார்ந்துவிட்டார். பிறகு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சிறு மென்பொருள் ஒன்றில் அந்தக் கோப்பைக் காட்டியவுடன், கடவுச்சொல் அப்படியே திரையில் வந்து நின்றது.

இதற்குக் காரணம் அந்தக் கோப்பின் அமைப்பிலேயே இருக்கிறது. எம்டிபி (.mdb) என்று முடியும் பழைய கோப்புகளில், அதாவது ஆக்சஸ் 2003 வரையிலான பதிப்புகளில், கடவுச்சொல் வைப்பதால் உள்ளே இருக்கும் தகவல் குறியாக்கம் (கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி உருமாற்றுவது) செய்யப்படுவதில்லை. அந்தக் கடவுச்சொல்லும், பலருக்கும் தெரிந்த ஒரு முறையின்படி லேசாக மறைக்கப்பட்டு, கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைத் திண்ணை ஆணியிலேயே மாட்டி வைத்தது போன்ற ஏற்பாடு அது. இதற்கு எந்த ஆய்வகமும் தேவையில்லை, ரூ. 18,000 கேட்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

இதற்கு நேர் எதிரான ஏமாற்றும் உண்டு. 2007இல் வந்த ஏசிசிடிபி (.accdb) வகைக் கோப்பில் கடவுச்சொல் வைத்தால் தகவலும் சேர்ந்தே குறியாக்கம் ஆகிறது. 2010 பதிப்பு முதல் அது மேலும் வலுவாக்கப்பட்டிருக்கிறது. அங்கே கடவுச்சொல்லைப் படித்து எடுக்க முடியாது, ஒவ்வொன்றாக ஊகித்துப் பார்க்கத்தான் முடியும். நீளமான கடவுச்சொல்லாக இருந்தால் அந்த ஊகம் பலிக்காமலே போகலாம் என்பதால், அத்தகைய கோப்பை நிச்சயமாகத் திறந்து தருவதாக உறுதி சொல்பவரையும் நம்ப வேண்டாம். ஆகவே, கோப்பின் பெயர் எந்த எழுத்துகளில் முடிகிறது என்பதைக் கடைக்குப் போகும் முன்பே பார்த்துவிடுங்கள். டிஸ்கைக் கொடுக்காமல், அந்த ஒரு கோப்பின் நகலை மட்டும் எடுத்துச் சென்று, உங்கள் கண்முன்னே திறந்து, கடைசிப் பருவத்தின் பதிவைக் காட்டிய பிறகே பணம் தருவதாகச் சொல்லுங்கள்.

பணம் போனதைவிட எனக்குப் பெரிய கவலையாக இருப்பது, எங்களை நம்பிக் கணக்கு எண் கொடுத்த விவசாயிகளின் விவரம் அந்தக் கடையில் நகலாக இருக்கிறது என்பதுதான். அழிக்கச் சொன்னால், பேக்கப் எடுப்பது தங்கள் வழக்கம் என்கிறார்கள். ஆக்சஸ் போன்ற மேசைக்கணினித் தரவுத்தளங்களில், புதிய வகையே ஆனாலும், கோப்பை நகலெடுத்துப் போகலாம் என்ற இந்தக் குறை தீர்வதில்லை. கோப்பைப் பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும் அது இருக்கும் ஃபோல்டரில் படிக்கவும் எழுதவும் அனுமதி வேண்டியிருப்பதால், கணக்குப் பார்க்கும் எவரும் முழுக் கோப்பையும் பென்டிரைவில் எடுத்துச் செல்ல முடியும். கடவுச்சொல்லும் அவருக்குத் தெரிந்துதான் இருக்கும். எஸ்கியூஎல் சர்வர், மைஎஸ்கியூஎல் போன்ற சர்வர் தரவுத்தளங்களில் பயன்படுத்துபவரின் கைக்குக் கோப்பே வருவதில்லை. அடுத்த பருவத்திற்குள் நாங்கள் அந்த முறைக்கு மாறுகிறோம். கடவுச்சொல் ஒட்டிய உறையில் அம்மாவின் பீரோவில் இருக்கும்.

வேறு யாருக்காவது இப்படி நடந்திருந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்யலாம். வணிகத்திற்காகப் பெற்ற சேவை என்று எதிர்த் தரப்பு வாதிடக்கூடும். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்திய பொருளை வணிக நோக்கமாகக் கருதக்கூடாது என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது, ஆனால் அந்த விளக்கத்தில் சேவை குறிப்பிடப்படவில்லை. உரிமையாளரின் அனுமதியின்றித் தகவலை நகலெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவின்கீழ் வருகிறது. இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, பணத்தைத் திருப்பித் தரவும் நகலை அழித்ததாக எழுத்தில் உறுதியளிக்கவும் கேட்டு, கடைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருக்கிறோம். கணக்கு எண் கொடுத்திருந்த விவசாயிகளுக்கும், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி யார் அழைத்தாலும் ஓடிபி எண்ணைச் சொல்ல வேண்டாம் என்று அப்பா ஒவ்வொருவராக அழைத்துச் சொல்லி வருகிறார்.