சோளமா பக்கெற் வாங்கி கோர்ன்பிரெட் சுட்ட கதை (5க்கு 3)

திருகோணமலை டவுண்ல மார்க்கெட் பக்கம் ஒரு கடையில சோளமா பக்கெற் கண்டன், 400 கிராம், மேல ஒரு சோளன் பொத்திப் படம், வேற ஒண்டும் பெருசா எழுதல்ல. கம்பனிப் பேர் போட மாட்டன், ஏனெண்டு கடைசி வரைக்கும் வாசிச்சா விளங்கும். ரெண்டு பக்கெற் வாங்கினன், ஒண்டு நல்லம், மற்றது பழுது.

வாங்கின காரணம் மாமிட மகள். அவ அமெரிக்காவில தெற்குப் பக்கம் இருக்கா, வட்ஸ்அப்பில தான் சுட்ட கோர்ன்பிரெட், அதாவது சோளமாப் பாண், படத்தப் போட்டு ஆசையக் கிளப்பி விட்டுட்டா. அங்க பாரமான இரும்புச் சட்டிய முதல்ல நல்லாக் காய வச்சு பட்டரோ பன்றிக் கொழுப்போ விட்டு அதுக்குள்ளதான் கரைச்ச மாவ ஊத்துவாங்களாம், ஊத்தக்குள்ள சொய்ங் எண்டு சத்தம் வரணுமாம், அப்பதான் அடி மொறுமொறுப்பா வரும். தெற்கத்தி ஆக்கள் சீனி போடக்கூடாதெண்டு நிப்பாங்களாம், வடக்க இனிப்பாச் செய்வாங்களாம், இதுக்குப் பெரிய சண்டையே நடக்குமாம். நாங்க பாற்சோத்துக்கு சக்கரையா கட்டசம்பலா எண்டு அடிபடுற மாதிரித்தான் போல.

முதல் தரம் நான் விட்ட பிழைய நீங்களும் விடாதீங்க. கேக் சாமான் கடையில கோன்பிளவர் வாங்கிச் செஞ்சன், வந்தது பாண் இல்ல, போஸ்டர் ஒட்டுற பசை. கோன்பிளவர் எண்டுறது சோளத்தில இருந்து எடுக்கிற வெறும் மாப்பொருள், சூப் தடிக்கப் போடுறது. இதுக்கு வேண்டியது முத்திக் காய்ஞ்ச சோளத்த ரவை மாதிரி நறநற எண்டு அரைச்ச மா. இந்தப் பக்கெற் அந்த விசயத்தில சரி, விரலால தேய்ச்சா மணல் மாதிரி இருந்துச்சு, நிறமும் நல்ல மஞ்சள்.

ஒரு கப் சோளமாவுக்கு முக்கால் கப் கோதுமை மா, ஒரு முட்டை, உப்பு, பேக்கிங் பவுடர், கொஞ்சம் அப்பச்சோடா. சோளத்துக்குத் தனியாப் பிடிப்பு இல்ல, கோதுமை மா போடாட்டி உதிரும், அதுக்கென்ன, சீனக்குடாவில பிரிமா மில் இருக்கிற ஊரில கோதுமை மாவுக்கா பஞ்சம். மாமிட மகள் சொன்ன மோர் மாதிரிச் சாமானுக்கு எருமைத் தயிரத் தண்ணி விட்டு அடிச்சு ஊத்தினன், புளிப்பும் சோடாவும் சேர்ந்து மா உடனே பொங்கிச்சு.

வீட்டில கேக் சுடுற அவன் (oven) இல்ல. இரும்புச் சட்டிக்கு எங்கட தாச்சி இருக்கு. 2022ல கேஸ் இல்லாமக் கிடந்த நேரம் அம்மா பின்பக்கம் போட்ட விறகடுப்பு இன்னும் கிடக்கு, அதுல தாச்சிய வச்சு மாவ ஊத்தி தகரத்தால மூடி மேல சிரட்டைத் தணல் அள்ளிப் போட்டா அம்மா. அம்மம்மா கேக் சுட்ட முறை இது. சாம்பல்தீவில அம்மம்மா மாரி மழைக்கு வளவுக்குள்ள சோளன் போடுவா, அவிச்சுத் திண்டது போக மிஞ்சின பொத்தியெல்லாம் முத்த விட்டு, மடலப் பின்னி அடுப்புக்கு மேல தொங்க விடுவா, புகை பட்டா வண்டு வராது. பிறகு பெருவிரலால நெம்பி நெம்பி மணி கழட்டுற வேலை பிள்ளைகளுக்கு, ரெண்டு பொத்தி முடியக்குள்ள விரல் கொப்பளிச்சிரும், அழுதா ஒரு பிடி தேங்காய்ப்பூவும் சக்கரையும் கையில வைப்பா. திரிகையில அரைச்சு ரொட்டி தட்டுவா. அந்த ரொட்டி ஆறினாக் கல்லு மாதிரி, பொய் சொல்லக்கூடாது, ஆனா சுடச்சுட கட்டசம்பலோட...

சரி ரிவியூவுக்கு வாறன். இருபத்தஞ்சு நிமிசத்தில தகரத்த எடுத்தா மேல பொன் நிறம், ஒரு பக்கம் மட்டும் கருகல், அது தணல் கூடினதால, மாவில குறை சொல்ல ஏலாது. அடி மொறுமொறு, உள்ள ஈரப்பதம், வாயில நறநறப்பு. அம்மா ஒரு துண்டு கடிச்சிட்டு "இது திரிபோஷா தானே" எண்டா. 1973ல இருந்து கிளினிக்கில தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் குடுக்கிற அதே திரிபோஷா, அதுலயும் சோளமும் சோயாவும்தான், அந்த வறுத்த மணம் அப்படியே இருக்கு. எனக்குக் கிளினிக்கில கிடைச்ச திரிபோஷா பக்கெற்ற வீட்டில எல்லாரும் சீனி போட்டு முடிச்சத இப்ப சொன்னா மிட்வைஃப் அக்கா ஏசுவா. பட்டரும் தேனும் பூசினது பிள்ளைகளுக்கு, எங்களுக்கு மீன் சொதி. சொதியில தோய்ச்சா உடனே ஊறி உடையும், கரண்டியால அள்ளித்தான் சாப்பிடணும், அமெரிக்காவிலயும் மிஞ்சினத உதிர்த்துப் பாலில போட்டுக் குடிப்பாங்களாம்.

ரெண்டாவது பக்கெற்றுக்கு வாறன். மூணு கிழமை கழிச்சு வெட்டினா பழைய எண்ணெய் மணம், நாக்கில கசப்பு. சோளத்தின்ட முளையில எண்ணெய் இருக்கு, முளையோட அரைச்ச மா வெக்கைக்குக் கெதியாப் பழுதாகும், எங்கட ஊர் வெயில் தெரியும்தானே, வாங்கினா பிரிட்ஜில வைங்க. நான் வச்சிருக்கல்ல, அது என்ட பிழை, ஆனா பக்கெற்றில அரைச்ச திகதியும் இல்ல, முடிவுத் திகதி அடிச்ச இடம் அழிஞ்சு கிடந்துச்சு. இனி காய்ஞ்ச சோளன் வாங்கி மில்லில குடுத்துத்தான் அரைக்கப் போறன், முன்னுக்கு ஒரு ஆள் மிளகாய் அரைச்சிட்டுப் போகாம இருந்தாச் சரி.

கடைக்குத் திருப்பிக் கொண்டு போனன். கடைக்காரர் மணந்து பார்த்தார், காசும் தரல்ல, வேற பக்கெற்றும் தரல்ல, "கோழிக்குப் போடுங்க தங்கச்சி" எண்டார். பக்கத்து வீட்டுக் கோழிக்குப் போட்டன். கிளறிப் பார்த்திட்டு அதுவும் போயிட்டுது.