பாயைச் சுருட்டி வைத்த பிறகு வந்த தூக்கம்

மனச்சோர்வுக்கு மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதத்தில் அழுகை நின்றது, பசி வந்தது. தூக்கம் மட்டும் வரவில்லை. வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவிலேயே விடியற்காலை மூன்று மணிக்கு விளக்கு எரிந்தது எங்கள் வீட்டில்தான்.

சுலபமான வழி தூக்க மாத்திரை. அல்பிரசோலம் போட்டால் அன்றைக்கே தூக்கம் வரும். ஆனால் வாரக்கணக்கில் போட்டால் உடம்பு அதற்குப் பழகிவிடும். திடீரென்று நிறுத்தினால் தூக்கம் முன்னைவிட மோசமாகக் கெடும். மனச்சோர்வுக்கு அது மருந்தும் இல்லை. சீட்டில்லாமல் நீட்டுகிற கடைக்காரரிடம் தயவுசெய்து வாங்காதீர்கள்.

மனச்சோர்வு மருந்தையே நம்பிக் காத்திருக்கலாமா? எந்த மருந்து என்பதைப் பொறுத்தது. ஃப்ளூஆக்ஸெட்டின் சிலருக்குத் தூக்கத்தைக் கலைக்கும், அதனால் பெரும்பாலும் காலையில் போடச் சொல்வார்கள். மிர்டாசபின் தூங்க வைக்கும், கூடவே பசியையும் எடையையும் ஏற்றும். மனச்சோர்வு தணிந்தும் தூக்கக் கோளாறு மட்டும் பலருக்கு மிச்சம் நிற்கிறது. அதை அப்படியே விட்டால் மனச்சோர்வு திரும்பி வரும் வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது, தூக்கத்துக்கான நடத்தைச் சிகிச்சை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் இதைத்தான் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற டாக்டர்கள் சங்கம் 2016-இல் பரிந்துரைத்தது. இரண்டு வாரம் நோட்டில் எழுதிப் பார்த்தேன்: படுக்கையில் 9 மணி நேரம், தூக்கம் ஐந்தரை. "அப்படின்னா பன்னிரண்டுக்குப் படுங்க, ஐந்தரைக்கு எழுந்திருங்க" என்றார் ஆலோசகர் மேடம். தூக்கம் வராவிட்டால் எழுந்து ஹாலில் உட்கார வேண்டும். படுத்த நேரத்தில் 85 சதவீதம் தூங்கினால் அடுத்த வாரம் 15 நிமிடம் கூட்டலாம்.

முதல் வாரம் நரகம். பாகாயம் டவுன் பஸ்ஸில் தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனேன். ஆனால் கட்டில் இல்லாத வீட்டுக்கு இதில் ஒரு லாபம் உண்டு. "தூக்கம் வராதவனுக்கு எதுக்குடா பாய்?" என்று அம்மா அதைச் சுருட்டி மூலையில் வைத்துவிடுவார். படுக்கை தூங்க மட்டுமே என்ற விதியை அம்மாவே பார்த்துக்கொண்டார்!

என் ஓட்டு இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்ததற்கு. ஆனால் ராணிப்பேட்டை கம்பெனிகளில் வாராவாரம் ஷிப்ட் மாறுகிறவர்களுக்கு இந்த அட்டவணை அப்படியே ஒத்துவராது. லாரி ஓட்டுகிறவர்களும், இருமுனை மனநோய் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தூக்க நேரத்தைக் குறைக்கக் கூடாது. தூக்கம் குறைந்தால் லாரிக்காரருக்கு ஓட்டும்போதே கண் அசரலாம்; இருமுனை மனநோய் உள்ளவருக்கு வெறிநிலை, அதாவது அளவுமீறிய உற்சாகமும் படபடப்பும், தலைதூக்கலாம்.

எனக்கு இப்போது பாய் பதினொன்றேகாலுக்கே விரிகிறது. மே மாத வெக்கையில் மட்டும் மொட்டை மாடிக்குப் போய்விடுகிறேன்.