காப்பகப் பட்டியலில் இழிசொல்: எச்சரிக்கையா, நீக்கமா, தடம் தெரியும்படித் திருத்தமா?

காப்பகப் பட்டியலில் மக்களை இழிவாகக் குறிக்கும் ஒரு சொல் இருந்தால் என்ன செய்வது? முதலில் பார்க்க வேண்டியது, அந்தச் சொல்லை எழுதியது யார் என்பதை. கடிதத்துக்கோ புகைப்படத்துக்கோ அதை உருவாக்கியவரே வைத்த தலைப்பு என்றால் அது சான்று. மேற்கோள் குறிக்குள் போட்டு அப்படியே விட்டுவிடலாம். காப்பக ஊழியர் எழுதிய விவரக்குறிப்பில் அதே சொல் இருந்தால், பேசுவது காப்பகம். சிக்கல் அங்கேதான்.

பட்டியலில் புண்படுத்தும் சொற்கள் இருக்கலாம் என்று முகப்புப் பக்கத்தில் ஓர் எச்சரிக்கை அறிவிப்பு வைப்பது மலிவான வழி. அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகமும் இப்படியொன்றை வெளியிட்டிருக்கிறது. பதிவுகள் லட்சக்கணக்கில், கைகள் சில என்ற நிலையில் வேறென்ன செய்வார்கள்? ஆனால் தேடுபொறி வழியாக நேரே ஒரு பதிவுக்கு வருபவர் முகப்பைப் பார்ப்பதே இல்லை. வசை மட்டும் கண்ணில் படும். தற்காலிக ஏற்பாடு என்றால் சரி, அதுவே நிரந்தரமானால் சாக்கு.

சத்தமில்லாமல் மாற்றிவிடுவது பார்க்கச் சுத்தமாக இருக்கும். எனக்கு இதில்தான் அதிக உறுத்தல். பழைய சொல்லால் தேடும் ஆய்வாளருக்கு எதுவும் கிடைக்காது. அந்த மக்களை இந்த நிறுவனம் எப்படி அழைத்தது என்ற சாட்சியமும் போய்விடும். நிறுவனத்துக்கு வசதிதான்!

என் ஓட்டு மூன்றாவது வழிக்கு. புதிய சொல் முன்னால் நிற்கும். பழையது தேடலுக்கு மட்டும் அகப்படும். எப்போது, ஏன் மாற்றினோம் என்பது பதிவாகும். காப்பகங்கள் தங்கள் விவரக்குறிப்புகளைக் கணினியில் எழுதப் பயன்படுத்தும் ஈஏடி (EAD) என்ற பொது வடிவத்தில் திருத்த வரலாற்றுக்கென்றே இடம் உண்டு. நேரம் அதிகம் பிடிக்கும், அது உண்மை. பழைய சொல் அந்தத் திருத்த வரலாற்றுப் பக்கத்தில் இருப்பதும் சிலருக்கு வலிக்கும். அதை முதல் பார்வையில் படாமல் ஒரு சொடுக்குக்கு அப்பால் வைக்கலாம்.

ஒவ்வொரு பதிவாகத் திருத்துவதற்குப் பதில், பல நிறுவனங்கள் பகிர்ந்து பயன்படுத்தும் பொதுச் சொற்பட்டியலையே மாற்றலாமே என்பவர்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் கதையைப் பார்க்கட்டும். 'சட்டவிரோத அந்நியர்கள்' என்ற பொருள் தலைப்பை (நூல் எதைப் பற்றியது என்று பட்டியலில் குறிக்கும் சொல்லை) மாற்றக் கோரி டார்ட்மவுத் கல்லூரி மாணவர்கள் 2014-இல் குரல் எழுப்பினார்கள். 2016-இல் நூலகம் மாற்றுவதாக அறிவித்தது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் குறுக்கே நின்றார்கள். 'குடிமக்கள் அல்லாதவர்கள்', 'சட்டவிரோதக் குடியேற்றம்' என்று மாறியது 2021-இல்தான். அதற்குள் பல நூலகங்கள் தங்கள் பட்டியலில் தாங்களே மாற்றிக்கொண்டிருந்தன.

புதிய சொல்லை யார் முடிவு செய்வது என்பதில் அந்தந்தச் சமூகத்திடம் கேட்காமல் வழியில்லை, கேட்பவர்கள் அதற்கு ஊதியமும் தர வேண்டும். அதற்குக் காலம் ஆகும். அதுவரை சும்மா இருக்க வேண்டாம்: கணவர் பெயரால் மட்டும் பட்டியலில் இருக்கும் பெண்களின் சொந்தப் பெயரைத் தேடிச் சேர்ப்பதை இன்றே தொடங்கலாம்.