சாக்லேட்டா, வெல்லப்பாகா? ஓவன் இல்லாத வீட்டுக்கு ஓர் இனிப்பு-உப்பு நொறுக்கு

பிறந்தநாள் வீட்டில் பிள்ளைகள் கேக்கை இரண்டு வாய் தின்றுவிட்டு மிக்சர் கிண்ணத்தைத் தேடிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். இனிப்பு தின்ற நாக்கு உடனே உப்பைக் கேட்கும். இரண்டையும் ஒரே பிடியில் கொடுத்துவிட்டால் என்ன? வறுத்த வேர்க்கடலை, கார்ன்ஃப்ளேக்ஸ், பொரி, உடைத்த உப்பு பிஸ்கட் எல்லாம் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். இவற்றை எதை ஊற்றி ஒட்ட வைப்பது என்பதில்தான் வீட்டுக்கு வீடு சண்டை.

வெள்ளை சாக்லேட் கட்சிக்குப் பெரிய பலம், வேகம். நாலு கப் கலவைக்கு 200 கிராம் போதும். கொதிக்கும் நீர் மேல் கிண்ணத்தை வைத்து உருக்கி, கலவையில் ஊற்றிப் புரட்டி, பட்டர் பேப்பரில் பரப்பி, 20 நிமிஷம் ஃப்ரிட்ஜில் வைத்தால் ஆயிற்று. ஆனால் தண்ணீர் ஆகாது. ஒருமுறை கழுவிய கரண்டியைத் துடைக்காமல் விட்டேன். பளபளவென்று இருந்த சாக்லேட் கண்ணெதிரே திரிதிரியாகி மண் மாதிரி இறுகிவிட்டது. அதை வைத்து எதையும் பூச முடியாது. சூடான பால் ஊற்றிக் கரைத்து ஐஸ்க்ரீம் மேல் ஊற்றிச் சமாளித்தோம். இன்னொரு எதிரி வெயில். கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகிவிடும். மே மாதச் சென்னையில் அது சாதாரண மதிய வெப்பம். கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு சேர்த்த காம்பவுண்ட் கட்டி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ருசி ஒரு படி கீழேதான்.

வெல்லப்பாகுக்கு அடுப்பு வேண்டும், கைக்கு வேகம் வேண்டும். ஒரு கப் வெல்லத்தைக் கால் கப் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடி கொதிக்க விடுங்கள். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் ‘டங்’கென்று சத்தம் வர வேண்டும். அதற்கு முன்னால் இறக்கினால் பல்லில் ஒட்டும், தாண்டினால் கசக்கும். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டி கடலைமிட்டாயின் உயிரும் இந்தப் பதத்தில்தான் இருக்கிறது. முதல் தடவையே அந்த நேர்த்தி வராது, கவலைப்படாதீர்கள். பதம் வந்ததும் அடுப்பை அணைத்து, இரண்டு கப் கடலையும் இரண்டு கப் பொரியும் கொட்டிக் கிளறி, நெய் தடவிய தட்டில் பரப்ப ஒரு நிமிஷம்தான் அவகாசம். பொரியை முன்பே வெறும் சட்டியில் மொறுமொறுப்பாக வறுத்து வைத்திருக்க வேண்டும். நமத்த பொரியைப் பாகு காப்பாற்றாது.

உப்பு விஷயத்தில் எல்லோரும் தப்புச் செய்கிறார்கள். கொதிக்கும் பாகில் உப்பைப் போட்டால் கரைந்து, மொத்தமும் மங்கலான ஒரே ருசியாகிவிடும். பரப்பியபின் மேலே தூவினால்தான் வெல்லம் ஒரு கடி, உப்பு ஒரு கடி. சாக்லேட்டில் தண்ணீர் இல்லாததால் உப்பு கரையாது, மணலாக நிற்கும். அங்கேயும் இறுகுமுன் மேலே தூவுவதே நல்லது. கல்லுப்பை லேசாக நசுக்கிப் போட்டுப் பாருங்கள், தூள் உப்பு தோற்றுவிடும்.

பேரீச்சையை அரைத்து உருட்டுகிறவர்களும் உண்டு. அடுப்பே வேண்டாம், நல்லதுதான். ஆனால் அதன் ஈரம் ஏறிப் பொரியும் கார்ன்ஃப்ளேக்ஸும் துவண்டுவிடும். வெறும் கடலை, முந்திரியோடு உருட்டினால் அருமையான லட்டு. நொறுக்கு என்று அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மொட்டைமாடியில் விருந்து என்றால் என் ஓட்டு வெல்லத்துக்கு. ஏசி அறை, அவசரம் என்றால் சாக்லேட். மழைக்காலத்தில் மட்டும் வெல்லத்துண்டுகள் ஈரம் இழுத்துப் பிசுபிசுக்கும், ஆறியதும் டப்பாவில் போட்டு இறுக மூடிவிடுங்கள். போன முறை இரண்டையும் பாதிப்பாதி செய்தேன். சாக்லேட் தட்டு பத்து நிமிஷத்தில் காலி. வெல்லத் தட்டை யாரும் தொடவில்லையே என்று பார்த்தால், கிளம்பும்போது பெரியவர்கள் ஆளுக்கொரு பொட்டலம் கேட்டு வாங்கிப் போனார்கள்.