டிஸெபிலிட்டி விசாரணைக்கு வக்கீல் வேண்டுமா, நாமே பேசிக்கொள்ளலாமா?

அமெரிக்காவில் சோஷியல் செக்யூரிட்டி டிஸெபிலிட்டிக்கு, அதாவது உடல்நலம் கெட்டு வேலை பார்க்க முடியாதவர்களுக்கு அரசு தருகிற மாத உதவித்தொகைக்கு, விண்ணப்பித்து, முதல் சுற்றிலும் மறுபரிசீலனையிலும் இல்லை என்று சொல்லிவிட்டால், 60 நாட்களுக்குள் நீதிபதி முன் விசாரணை கேட்கலாம். கேட்டதும் வீட்டில் கிளம்புகிற விவாதம்தான் தலைப்பு. என் கணவரின் வழக்கில் நாங்கள் வக்கீல் வைத்தோம். அதனால் நான் பேசுவது ஒருதலைப்பட்சமாகத்தான் இருக்கும்.

முதலில் காசு. வக்கீல் முன்பணம் கேட்பதில்லை. ஜெயித்தால், நமக்கு வரவேண்டிய நிலுவைத் தொகையில் 25 சதவீதம் அல்லது அரசு வைத்திருக்கிற உச்சவரம்பு, இதில் எது குறைவோ அது. 2024 நவம்பர் கடைசியில் இந்த உச்சவரம்பு 7,200 டாலரிலிருந்து 9,200 டாலராக உயர்ந்தது. தோற்றால் ஃபீஸ் கிடையாது. ஆனால் மருத்துவ ரெக்கார்டுகள் வாங்குகிற செலவு பெரும்பாலும் தனி. ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நாமே பேசுவதும் ஒன்றும் அசட்டுத் துணிச்சல் இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் என்று ஒருவரும் அங்கே கிடையாது. நீதிபதிதான் கேள்வி கேட்பார், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம், அதற்குக் காசில்லை. புது ஆதாரங்களை விசாரணைக்கு 5 வேலை நாட்களுக்கு முன்பே கொடுக்க வேண்டும், அல்லது இன்னது வர வேண்டியிருக்கிறது என்றாவது தெரிவிக்க வேண்டும். இது இரு வழிக்கும் பொது. போனிலா, வீடியோவிலா, நேரிலா என்பதும் அப்படித்தான். அதில் நான் பெரிய வித்தியாசம் பார்க்கவில்லை.

வித்தியாசம் இருப்பது வேறு ஒரு ஆளிடம். பல விசாரணைகளில் வொகேஷனல் எக்ஸ்பர்ட் என்று ஒருவர் இருப்பார், யாருக்கு என்ன வேலை பார்க்க முடியும் என்று சாட்சி சொல்கிற தொழில் நிபுணர். நீதிபதி அவரிடம் ஒரு கற்பனை மனிதரை விவரிப்பார்: “இவரது வயது, படிப்பு, அனுபவம் உள்ள ஒருவர். 10 பவுண்டுக்கு மேல் தூக்க முடியாது. நாளில் ஆறு மணி நேரம் உட்கார முடியும். இவருக்கு வேலை இருக்கிறதா?” எக்ஸ்பர்ட் இரண்டு மூன்று வேலைகளைச் சொல்லி, நாடு முழுக்க இத்தனை ஆயிரம் இருக்கிறது என்று எண்ணிக்கையும் சொல்வார். அவர் நம்பியிருக்கும் தொழில் அகராதி 1991க்குப் பிறகு புதுப்பிக்கப்படவே இல்லை. கடித உறைகளில் முகவரி எழுதுகிற வேலை, கொட்டைகளைத் தரம் பிரிக்கிற வேலை எல்லாம் அதில் இருக்கிறது! இப்படிச் சில வேலைகளைக் கூடுதல் ஆதாரம் இல்லாமல் காட்டக் கூடாது என்று 2024இல்தான் சோஷியல் செக்யூரிட்டியே சொன்னது.

என் கணவர் சாஃப்ட்வேர்காரர். முதுகுத்தண்டும் கால் நரம்புகளும் கெட்டுப்போய் வீட்டில் இருக்கிறார். உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே என்று எவருக்கும் தோன்றும். எக்ஸ்பர்ட்டும் அதையேதான் சொன்னார். அப்போது எங்கள் வக்கீல் கேட்டது இரண்டே கேள்விகள். அதே மனிதருக்கு வேலை நேரத்தில் 15 சதவீதம் கவனம் சிதறினால்? மாதம் இரண்டு நாளுக்கு மேல் வர முடியாமல் போனால்? இரண்டுக்கும் “அப்படியானால் வேலை இல்லை” என்றார் எக்ஸ்பர்ட். நாங்கள் தனியாகப் போயிருந்தால் அந்த இடத்தில் “கேள்வி ஒன்றும் இல்லை, நன்றி” என்று சொல்லியிருப்போம்.

கேட்டுவிட்டால் மட்டும் போதாது, அந்த 15 சதவீதம் ஃபைலில் எங்காவது இருக்க வேண்டும். “இவரால் வேலை பார்க்க முடியாது” என்று டாக்டர் எழுதித் தருகிற கடிதத்துக்கு, 2017 மார்ச் 27 முதல் போட்ட விண்ணப்பங்களில் மதிப்பே கிடையாது. அதைத் தீர்மானிப்பது சோஷியல் செக்யூரிட்டியின் வேலை. டாக்டர் சொல்ல வேண்டியது அளவுகளை. ஒரே மூச்சில் எத்தனை நிமிடம் உட்கார முடியும், பகலில் எத்தனை முறை படுக்க வேண்டியிருக்கும், மாத்திரையால் மந்தம் வருமா, மாதத்தில் எத்தனை நாள் எழவே முடியாமல் போகும். வக்கீல் அனுப்பிய படிவம் கிளினிக்கில் வாரக்கணக்கில் தூங்கியது. நான் கையோடு எடுத்துப்போய் டாக்டர் முன்னால் வைத்த பிறகுதான் நிரம்பியது. ஆக, ஓடியாடுகிற வேலை எப்படியும் நம் தலையில்தான்.

இன்னொன்று, ஒத்திகை. தினமும் என்ன செய்கிறீர்கள் என்றால் “சமையலில் உதவுவேன்” என்பார் என் கணவர். மரியாதைக்குச் சொல்கிற பதில் அது. உண்மையில் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு வெங்காயம் நறுக்குவார், பிறகு போய்ப் படுத்துவிடுவார். “போய்ப் படுப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்” என்றார் வக்கீல்.

வக்கீல் என்றால் எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று நினைக்க வேண்டாம். எங்கள் வக்கீலின் அலுவலகத்தில் போனை எடுப்பது எப்போதும் உதவியாளர்தான். வக்கீலின் குரலையே விசாரணைக்குச் சற்று முன்புதான் கேட்டோம். நான் பார்த்ததும் இந்த ஒரு வழக்குதான், எஸ்எஸ்ஐ (வருமானமும் சொத்தும் குறைந்தவர்களுக்கான தனி உதவித்தொகை), குழந்தைகள் வழக்கு பற்றியெல்லாம் என்னைக் கேட்காதீர்கள். 55 வயது தாண்டி, வாழ்நாள் முழுக்க உடலுழைப்பு வேலை பார்த்தவருக்கு விதிகளே ஓரளவு சாதகமாக இருக்கும். அவர் தனியாகப் போவதை நான் தடுக்க மாட்டேன்.

அப்படிப் போகிறவர்கள் டாக்டரின் அளவுகளை வைத்து அந்த இரண்டு கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எக்ஸ்பர்ட்டிடம் கேட்க உங்களுக்கும் உரிமை உண்டு. கடைசி நேரத்தில் மனம் மாறினாலும் சரி, வக்கீல் தேட அவகாசம் வேண்டும் என்று கேட்டால் பொதுவாக ஒரு முறை தள்ளிவைப்பார்கள்.